அடைப்புச் சுவர்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வேதாசலம் அளந்துதான் போட்டார். செம்பாக்கத்தில் கங்கையம்மன் கோயில் தெருவின் மேட்டுக் கோடியில் ஆரம்பித்து, பள்ளக் கோடியில் ஓடும் ஏரிக் கால்வாய் வரைக்கும் அடி அடியாய் அளந்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, மேலே மூடியும் போட்டு மழைநீர் வடிகால் கட்டிக் கொடுத்தார். போட்டதெல்லாம் போட்ட இடத்தில் கல்லு மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு லட்ச ரூபாய் பில்தான் மூன்று வருஷமாக வரவில்லை.

எந்தத் துறைக்குக் கட்டினார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கதையின் மேலும் ஒரு கேஸ் விழும். அதற்கும் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். அந்த அலைச்சல் என்னவென்று வேதாசலத்தைக் கேட்டால் சொல்வார். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், பணத்துக்கு நான் பொறுப்பு என்று அன்றைக்கு இருந்த பொறியாளர் தோளில் கை போட்டுச் சொன்னார். அந்தக் கைக்கு மரியாதை கொடுத்து இவர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தார். வேலை முடிகிற சமயத்தில் பொறியாளருக்கு மாற்றல் வந்தது. பத்திரம் மட்டும் பேங்கிலேயே நின்றுவிட்டது. வருகிற மார்ச் வரைக்கும்தான் பொறுப்போம், அப்புறம் வீடு ஏலத்துக்குப் போகும் என்று பேங்க்காரர்கள் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி சரசு அன்றிலிருந்து வீட்டுக்குள் புதிதாக ஒரு ஆணிகூட அடிக்க விடுவதில்லை. "யாரு சுவத்துல அடிக்கிறோம்னு தெரியல" என்பாள்.

இதில் வேதாசலத்தின் தப்பு ஒன்று உண்டு. தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தொழில் வழக்கம் என்பார்.

வடிகால் கட்டும்போது கால்வாய்த் தண்ணீர் உள்ளே ஏறிவிடாமல் இருக்க, கடைசி முனையில் குறுக்கே ஒரு செங்கல் சுவர் எழுப்புவார்கள். அடைப்பு என்று பெயர். வேலை முடிந்ததும் அதை இடித்துவிட வேண்டும். அரை நாள் வேலை. ஆனால் கடைசி பில் கைக்கு வராமல் விவரம் தெரிந்த எந்தக் காண்ட்ராக்டரும் அடைப்பை இடிக்க மாட்டான். தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் அதிகாரிக்கு நம் முகம் மறந்துவிடும். ஓடாத வரைக்கும்தான், "எங்கேய்யா அந்த வேதாசலம்?" என்று ஆள் விட்டுத் தேடுவார். சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்த அப்பாவின் பிள்ளையாக இந்தத் தொழிலுக்குள் வந்த நாள் முதல் வேதாசலம் இப்படித்தான் செய்து வந்தார். இதுவரை பலித்தும் வந்தது.

இந்தத் தடவை புதிதாக வந்த உதவிப் பொறியாளர் வைத்தீஸ்வரன் அதே கயிற்றை இந்தப் பக்கம் இழுத்தார்.

"தண்ணி ஓடலையே வேதாசலம். அப்போ வேலை முடியலன்னுதானே அர்த்தம்? முடியாத வேலைக்கு நான் எப்படி பில் போடறது?"

"பில்லப் போடுங்க சார். அரை நாள்ல இடிச்சுத் தள்ளிடறேன்."

"நீங்க இடிச்சுட்டு வாங்க. பில்லைப் பார்க்கலாம்."

பார்க்கலாம் என்ற வார்த்தையை நம்பி மோசம் போனவர்களை வரிசையாக நிறுத்தினால் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் நிற்பார்கள். வேதாசலம் அந்த வரிசையில் நிற்கத் தயாராக இல்லை. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. அடைப்பு இருப்பதே தெருவில் யாருக்கும் உறுத்தவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார்.

வக்கீல் சத்யபிரியாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். கெட்டிக்காரி. சுற்றி வளைக்காமல் பேசுவாள்; கட்சிக்காரனுக்கு ஆறுதல் சொல்வது தன் ஃபீஸில் சேராது என்று நினைப்பவள். துறை போட்ட பதிலில், வடிகால் சரியாகக் கட்டப்படவில்லை, அதனால்தான் தண்ணீர் ஓடவில்லை என்று எழுதியிருந்தது. சரி, நேரில் போய்ப் பார்த்து அளந்துவிட்டு வரட்டும் என்று கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. அவர் வந்து பார்க்கும் வரைக்கும் இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் எதையும் தொடக் கூடாது என்றும் உத்தரவு போட்டது.

"இதுதான் சார் நமக்கு வேண்டியது" என்றாள் சத்யபிரியா. "கமிஷனர் உள்ள இறங்கி அளக்கட்டும். எல்லாம் சரியா இருக்கு, அடைப்பு ஒண்ணுதான் பாக்கின்னு எழுதிட்டார்னா கேஸ் முடிஞ்சுது. அதுவரைக்கும் அந்தச் சுவர் மேல ஒரு விரல்கூடப் படக்கூடாது."

கமிஷனர் வருவதாகச் சொன்ன முதல் தேதியில் அவருக்கு டெங்கு. அடுத்த தேதியில் துறை எஞ்சினியர் லீவு. அதற்கடுத்த தேதியில் இரண்டு பேரும் தயார். கோர்ட் ஊழியர் யாரோ தவறிப்போனார் என்று அன்றைக்கு வேலை நடக்கவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் வேதாசலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வடிகால் மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போலத் தெருமுனையில் நிற்பார். கோர்ட் வாசலில் அவருக்குத் துணை ஜெரோம். வண்டலூர்க்காரன். இவனும் காண்ட்ராக்டர்தான், அதே துறைக்குக் காம்பவுண்டு சுவர் கட்டிவிட்டு அதே மாதிரி பில்லுக்கு அலைகிறவன். டீ மட்டும் இரண்டு பேருக்கும் தவறாமல் கிடைத்தது.

"மச்சான், பொண்டாட்டிய விட உன் மூஞ்சியத்தான் அதிகமா பாக்கறேன்" என்பான் ஜெரோம்.

இப்படியே நவம்பர் வந்தது. இரண்டு வருஷம் ஏமாற்றிய மழை வட்டியோடு வந்தது. வட்டியோடு எதையாவது திருப்பிக் கொடுக்கிற நாணயம் வானத்துக்காவது இருக்கிறதே என்று வேதாசலம் முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர், போக வழி இல்லாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. மேட்டுக் கோடியில் கணுக்கால் அளவு. பள்ளக் கோடியில் முழங்காலைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காமு வந்தாள். அவருக்குக் கலவை போடும் கும்பலின் மேஸ்திரி அவள்தான். பள்ளக் கோடியில் கடைசி வீடு அவளுடையது. அந்த வடிகால் வேலைக்கு அவள் கும்பலுக்குப் பாதிக் கூலி இன்னும் பாக்கி. அதைக் கேட்டு அவள் ஒரு நாளும் வாசலில் நின்றதில்லை. திட்டியிருந்தால்கூட வேதாசலத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணா, பீரோ கீழ்த்தட்டு முழுகிட்ச்சு. அரிசி மூட்ட ஊறிப் பூட்ச்சு. நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"கோர்ட்டு ஆர்டர் கீதே காமு. தொடக்கூடாதுன்னு."

"கோர்ட்டு வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சா? என் வூட்டுக்குள்ள பூந்துகீது. அந்த அடைப்ப கட்னது யாரு? நானு. என் கையால கட்டி என் வூட்டையே முழுகடிச்சிக்கினு கீறேன். இந்த கூத்து எங்கனா உண்டா?"

வேதாசலம் வக்கீலுக்கு போன் போட்டார்.

"சார், உடைங்கன்னு என் வாயால நான் சொல்ல முடியாது" என்றாள் சத்யபிரியா. "அர்ஜென்ட் பெட்டிஷன் ரெடி பண்றேன். திங்கட்கிழமை காலைல முதல் வேலையா ஜட்ஜ் முன்னால மென்ஷன் பண்ணிடலாம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா."

"தெரியும் சார். ஆனா ஒண்ணு யோசிங்க. உடைச்சா உத்தரவை மீறினவர் ஆயிடுவீங்க. அதோட தண்ணி ஓடற வடிகால்ல இறங்கி எந்தக் கமிஷனர் அளப்பார்? கோடையிலதான் காயும். பேங்க் அதுவரைக்கும் சும்மா இருக்குமா?"

அடுத்தது வைத்தீஸ்வரனுக்கு.

"சார், நான் கை வெக்கல. துறையே ஆள் அனுப்பி இடிச்சிடுங்க. ஜனங்க முழுகறாங்க."

"கேஸ் கோர்ட்ல இருக்கு வேதாசலம். நான் கை வச்சா என் வேலை போயிடும். நீங்க கை வச்சா உங்க கேஸ் போயிடும். பேசாம வேடிக்கை பாருங்க." போனை வைத்துவிட்டார்.

இதற்குள் வாசலில் தெரு ஜனம் கூடிவிட்டது. அடைப்பு சமாச்சாரம் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "உன் துட்டுக்காக ஊரையே முழுகடிக்கிறியே, நல்லா இருப்பியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். துட்டு கொடுக்காதவனைப் போய்க் கேளுங்களேன் என்று வேதாசலத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கிழவரின் வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. சரசு உள்ளேயிருந்து கடப்பாரையை எடுத்து வந்து கதவோரம் சாத்தினாள். போகப்போவது அவளுடைய வீடும்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். பின்னாலேயே காமு சம்மட்டியோடு வந்தாள்.

முனையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது. அந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் இன்னும் இரண்டு அடி கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான் தடுத்துக்கொண்டிருந்தது. கால்வாய்ப் பக்கமாக இறங்கி வேதாசலம் ஓங்கிக் குத்தினார். சுவர் அசையவில்லை. மறுபடி குத்தினார். கடப்பாரை தெறித்து முழங்கையில் வலி ஏறியது.

"அடைப்புதான, மெலிசா போட்டா போதும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றார் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு.

"மெலிசா போட கை வர்லணா" என்றாள் காமு. "நவுரு."

அவள் சம்மட்டியால் மேல் வரிசையில் நாலு போடு போட்டாள். ஒரு கல் பெயர்ந்தது. அந்தச் சந்தில் கடப்பாரையை விட்டு இவர் நெம்ப, சுவர் நடுவில் வாய் பிளந்தது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. அது அடித்த வேகத்தில் இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் போய் விழுந்தார்கள். வேதாசலத்தின் செருப்பு ஒன்று பள்ளிக்கரணைக்குப் போனது.

வடிகாலின் வாயிலிருந்து தண்ணீர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. ஒரு இடத்திலும் தேங்கவில்லை, ஒரு இடத்திலும் சுழிக்கவில்லை. சரிவு அவ்வளவு சுத்தம். தான் கட்டியது ஓடுவதை வேதாசலம் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். சந்தோஷத்தில் அழுகை வந்தது. உடனே மார்ச் மாதம் ஞாபகத்துக்கு வர, அதே அழுகை வேறு அழுகையாக மாறியது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டி வரவில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு வெளியே தெரிந்தது. அதன் பிறகுதான் வைத்தீஸ்வரன் ஜீப்பில் வந்தார். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி எதையோ காட்டுவது போல் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். உடைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காத அதிகாரியை நம்பக் கூடாது என்று வேதாசலத்துக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கு முழங்கை வலி.

டிசம்பரில் வாய்தா. சுவரைக் கட்டியவள் என்று சாட்சி சொல்லக் காமுவையும் சத்யபிரியா வரச் சொல்லியிருந்தாள். காமு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் எழுந்து ஒரு மனுவைப் படித்தார். பெருமழையின்போது மக்கள் நலன் கருதித் துறையே அவசர நடவடிக்கை எடுத்து, ஒப்பந்ததாரர் ஜெரோம் மூலம் அடைப்பை அகற்றியதாம். பாக்கி இருந்த அந்த ஒரு வேலையும் முடிந்து இப்போது தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதாம். செலவு மூன்றே முக்கால் லட்சமாம். அதை வாதியின் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டுமாம்.

வேதாசலத்துக்குக் காது அடைத்தது.

"இந்தத் தொகை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தாகிவிட்டதா?" என்று நீதிபதி கேட்டார்.

"கொடுத்தாச்சு, போன வாரமே."

நீதிபதி ஒரு நிமிஷம் பேனாவை மூடிவிட்டுத் திறந்தார். "வாதி தரப்பில் இதை மறுக்கிறீர்களா?"

வேதாசலம் பாதி எழுந்துவிட்டார். சத்யபிரியா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க சார்" என்று கிசுகிசுத்தாள். "நான்தான் உடைச்சேன்னு சொன்னா உத்தரவை மீறினது நீங்க. அவங்க மாட்டிக்கிட்டாங்க, கவனிச்சீங்களா? பாக்கி இருந்த ஒரே வேலை அடைப்புதான்னு அவங்க மனுவிலயே இருக்கு. அப்போ மீதி எல்லாம் நீங்க ஒழுங்கா கட்டினதுன்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தப் பொய்தான் சார் நமக்கு இப்போ சாட்சி. கெடுத்துடாதீங்க."

வாழ்நாளில் தான் கட்டிய ஒரு சுவரை இன்னொருத்தன் கட்டினான் என்று எவனும் சொல்ல அவர் விட்டதில்லை. உடைத்ததை விட்டுக்கொடுப்பது அதைவிடக் கசந்தது. உட்கார்ந்தார். பின்னால் காமு பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

சத்யபிரியா விடவில்லை, துறையே ஒப்புக்கொண்டதால் இப்போதே தீர்ப்பு வேண்டும் என்று வாதாடினாள். அரசு வக்கீல் அப்போதுதான் தான் படித்ததைத் தானே மறுபடி படித்துப் பார்த்தார், முகம் மாறியது. விளக்கம் தர அவகாசம் கேட்டார். அவகாசம் கிடைத்தது. அளவு எடுக்காமல் தொகையை முடிவு செய்ய முடியாது, கால்வாயில் தண்ணீர் வற்றியதும் கமிஷனர் போகட்டும் என்று நீதிபதி சொல்லி, கேஸை ஏப்ரலுக்குத் தள்ளினார். மார்ச்சுக்கு அடுத்த மாதம் ஏப்ரல் என்பது நீதிபதியின் குற்றம் இல்லை.

படிக்கட்டில் ஜெரோம் நின்றிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"ஏன்டா?" என்றார் வேதாசலம்.

"மச்சான், அந்த துட்டுல முக்காவாசி எனக்கு வர்ல, யாருக்குப் போச்சுன்னு உனக்கே தெரியும். கையெழுத்து போட்டா என் காம்பவுண்டு சுவர் பில்ல நகர்த்தறேன்னாரு வைத்தீஸ்வரன். மூணு வருஷமா அலையறேன். போட்டுட்டேன்."

"நகந்துச்சா?"

ஜெரோம் உதட்டைப் பிதுக்கினான். அவனை அடிக்க வேண்டும் போலவும், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் போலவும் வேதாசலத்துக்கு இருந்தது. இரண்டையும் செய்யாமல் இறங்கினார்.

கேட்டருகே வைத்தீஸ்வரன் ஜீப்பில் ஏறப்போனவர் நின்றார். ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்தார். "வேதாசலம், பக்கத்துத் தெருவுக்கும் வடிகால் சாங்ஷன் ஆகியிருக்கு. உங்க வேலை சுத்தம், அன்னிக்குத் தண்ணி ஓடினதைப் பார்த்தேனே. டெண்டர் போடுங்க. பழசெல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்."

வேதாசலத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, முப்பது வருஷப் பழக்கம், "எத்தனை அடி சார்?" என்று வந்தது.

"அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்தீஸ்வரன் கிளம்பிவிட்டார்.

தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வேதாசலத்துக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்தில் காமு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். சாட்சி சொல்ல யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை. அன்றைய கூலியும் போச்சு. நடந்ததையெல்லாம் அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள் என்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது.

"அந்த வேலய எடுக்கப் போறியாணா?"

"தெர்ல காமு."

"எடு. ஆனா வடிகாலெல்லாம் வாணாம்" என்றாள். "அடைப்ப மட்டும் கட்டு. அத்த இடிக்கத்தான் துட்டு தரானுங்கோ."

அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.